இடம் போட்டு வைத்தவன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை வண்டியேற்றி அனுப்பிய மறுநாள் காலையில் தவசிலிங்கம் பந்திக்கூடத்துக்குப் படிக்க வந்துவிட்டான். வந்தவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி சற்றே நெகிழ்ந்திருந்ததே ஒழிய அவிழாததால் சின்னச் சின்ன எட்டாக வைத்து நடந்து, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் தான் எட்டு வருஷமாக உட்கார்ந்த இடத்துக்குப் போய், பெஞ்சில் கிடந்த பச்சைத் துண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, சாவதற்கு முன் பாதியில் விட்டிருந்த குப்தர்கள் பாடத்தைத் திறந்தான். கூடத்தில் பாதிப் பேர் தலை தூக்கவில்லை, ஏனென்றால் அந்த வாரம் மாதிரித் தேர்வு இருந்தது. தலை தூக்கிப் பார்த்த மீதிப் பேருக்கும் அவனிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கண் குழிந்து, கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்க, பேச்சில்லாமல் இருப்பதற்கு ஒருவன் செத்திருக்க வேண்டும் என்று அந்தக் கூடத்தில் கட்டாயமில்லை.

வெள்ளூரணியில் பந்திக்கூடம் என்றால் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். பங்காளிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு மண்டபத்துக்குப் பூட்டுத் தொங்கிய பிறகு பின்பக்கத்துப் பந்திக்கூடம் மட்டும் திறந்து கிடந்தது. இலை போட்டு வரிசையாகச் சாப்பிட்ட கடப்பைக்கல் மேஜைகளில் வரிசையாகப் புத்தகம் விரித்து, அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். குரூப் ஃபோர் வந்தால் அதற்குப் படித்தார்கள், குரூப் டூ வந்தால் அதற்கும் படித்தார்கள், ஒன்றுமே வராத வருஷத்தில் வரப்போவதற்குப் படித்தார்கள். அங்கே இருந்த ஒரே சட்டம் இடத்தைப் பற்றியது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் அந்த சீட்டில் மந்திரி வந்தாலும் உட்காரக் கூடாது அல்லவா, அதுதான் இங்கேயும். சாயங்காலம் துண்டைப் போட்டுவிட்டுப் போனால் மறுநாள் அந்த இடம் அவனுக்கு, அந்தத் துண்டை எடுக்கிற உரிமையும் போட்டவனுக்கு மட்டும்தான், அடுத்தவன் கை படக் கூடாது. தவசிலிங்கம் செத்தபோது கூடமே திரண்டு போய் மாலை போட்டது, பாடைக்குத் தோள் கொடுத்தது, சுடுகாட்டில் வறட்டி அடுக்கியது, மூன்று நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்தது. துண்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவன் அவன்தானே.

செத்தது மஞ்சள் காமாலையில். கண் மஞ்சளாகி ஒரு மாதம், சாப்பாடு இறங்காமல் பத்து நாள், பெண்டாட்டி சித்திரக்கனி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். "பரீட்சை முடியட்டும்" என்றான். அது புதிய பேச்சல்ல. கூரை ஒழுகியபோதும், அவளுக்குக் கடைவாய்ப்பல் வீங்கியபோதும், பிள்ளைக்குக் காது குத்தக் கேட்டபோதும், இன்னொரு பிள்ளை வேண்டுமே என்று அவள் கேட்டபோதும் அதையேதான் சொல்லியிருந்தான், அவளும் அவன் கெட்டிக்காரன் என்று நம்பி, தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற வேலைக்குப் போய் அந்த வீட்டை எட்டு வருஷம் ஓட்டினாள். கடைசியில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுப் பந்திக்கூடத்துக்குப் போனவனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

திரும்பி வந்தவனை என்ன செய்வது என்று ஊர் இரண்டு நாள் பேசியது. எரித்த உடம்பு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, வந்தவன் எப்போது போவான் என்றுதான் கேட்டார்கள். கோடாங்கியைக் கூட்டி வந்து கூடத்து வாசலில் உடுக்கை அடிக்க வைத்தபோது அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்கதானப்பா இடம் போட்டு வச்சுக் கூப்பிட்டிருக்கீங்க, வராம என்ன செய்வான்? துண்ட எடுங்க, போயிருவான்."

கூடத்தில் மூத்தவன் கூடலிங்கம். வயது வரம்பு முடிய ஒரே ஒரு பரீட்சைதான் அவனுக்கு மிச்சம். அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். தவசிலிங்கத்தின் மேஜையைச் சுற்றி அப்போதே ஏழெட்டுப் பேர் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள், ஏனென்றால் உயிரோடு இருந்தபோது கணக்கில் நாலுக்கு ஒன்று தப்புவிட்டவன் செத்த பிறகு ஒன்றையும் தப்புவிடவில்லை.

"பரீட்சை முடியட்டும் சாமி" என்றான் கூடலிங்கம். "எடுத்துருவோம்."

அப்படித் தவசிலிங்கம் கூடத்துக்குச் சொந்தமாகிப் போனான். அவனுக்குத் தூக்கமில்லை, பசியில்லை, கரண்ட் போனால் புழுக்கமில்லை, படித்தது எதுவும் மறக்கவில்லை. கொசு அவன் பக்கம் அண்டவில்லை என்பதால் அவனுக்கு இரண்டு பக்கத்து இடங்களுக்கும் அடிபிடி நடந்தது. டீக்கடையிலிருந்து அவனுக்கும் ஒரு கிளாஸ் வந்தது, அது ஆறி ஆடை கட்டியதும் யாராவது எடுத்துக் குடித்துக்கொண்டார்கள். விளக்கம் சொல்லும்போது வாயிலிருந்து வாய்க்கரிசி ஒன்றிரண்டு உதிரும், அதைக் கேட்கிறவர்கள் நோட்டிலிருந்து தட்டிவிட்டு மேலே எழுதினார்கள், சாயங்காலம் கூட்டுகிற பெண் அந்த அரிசியைக் குருவிக்குப் போட்டாள். பக்கத்து ஊர்களிலிருந்து புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள். செத்தவர் சொல்லிக்கொடுக்கிற கூடம் என்று பஸ் நிறுத்தத்திலேயே வழி சொன்னார்கள்.

ஒரே ஒரு குறை இருந்தது, அது கூடத்துக்குக் குறையாகத் தெரியவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாதது எதுவும் அவனிடம் மிஞ்சவில்லை. முதல் நாள் சேதி கேட்டுத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஓடிவந்த சித்திரக்கனி ஜன்னலுக்கு வெளியே நின்று மூச்சு வாங்க "என்னங்க" என்று கூப்பிட்டபோது, அவன் தலையைத் தூக்கி அவளை மரியாதையாகப் பார்த்தான்.

"தண்ணித் தொட்டி அந்தப் பக்கம் இருக்குக்கா" என்றான்.

அவள் அந்தப் பக்கம் போய், குழாயைத் திறந்து, முகம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மாமியார் பொன்னுத்தாய்க்கு மகன் தன்னை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட இல்லை, உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும். தினமும் கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்து கண் நிறையப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் கயிறும் பூவும் குங்குமமும் வாங்கி வந்து மருமகளை இழுத்து முன்னால் உட்கார வைத்தாள்.

"எம்புள்ள கண்ணு முன்னால உக்காந்திருக்கான். நீ மூளியா நிக்கலாமாத்தா?"

"அவரு எரிஞ்சதை ஊரே பாத்துச்சே அத்தை."

"இருக்கிறதையும் ஊருதான் பாக்குது. தலையக் குனி."

சித்திரக்கனி குனிந்தாள். அந்தக் கிழவியை மறுக்க மனசு வரவில்லை, அதோடு அவளுக்கும் தெரு வழியே போகும்போது ஜன்னலில் அந்தத் தலை தெரிவது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது, அதைப் பொய் சொல்வானேன்.

ஆனால் ஆறுதலை அடுப்பில் வைத்து வேக வைக்க முடியாது. தீப்பெட்டி மருந்தில் அவள் விரல் நகங்கள் ஒவ்வொன்றாகக் கருத்து உதிர ஆரம்பித்திருந்தன, மூச்சு இழுத்தது, அவளுக்கு முன்னால் அந்த மேஜையில் மருந்து முக்கியவள் இருமி இருமியே செத்தது அவளுக்குத் தெரியும். அவளும் பன்னிரண்டாவது பாஸ். எட்டு வருஷம் புத்தகத்தை மடியில் வைத்துப் புருஷனுக்குக் கேள்வி கேட்டதில் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கும் ஏறியிருந்தது. ஆதரவற்ற விதவைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, மற்றவர்கள் எடுக்கிற மார்க்கு எடுக்க வேண்டியதில்லை என்பதும் அவள் அவனுக்குக் கேட்ட கேள்விகளில் ஒன்றுதான். குரூப் ஃபோர் அறிவிப்பு வந்ததும் அந்தச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாள். அது கிடைத்தால் மருந்து படாத கையால் பிள்ளையைத் தொட்டு வளர்க்கலாம். அந்த வருஷம் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் வேலம்மாள் கெட்டவள் இல்லை. அவளே நாலு வருஷம் அந்தக் கூடத்தில் படித்து வேலைக்குப் போனவள்தான், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். நேராகத் தவசிலிங்கத்திடம் போய் "உங்க பேரென்ன?" என்று கேட்டாள். அவன் தன் ஹால்டிக்கெட் நம்பரைச் சொன்னான். அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இறப்புச் சான்றிதழ் எங்கிட்ட இருக்கு. ஆளு இங்க இருக்காரு. ஸ்தல விசாரணைன்னா ஊரு சொல்றதைத்தான் நான் எழுத முடியும். இவரு இருக்காரா, இல்லையா?"

இல்லை என்று சொன்னால் இல்லாதவனுக்கு எதற்கு இடம் என்று அடுத்த கேள்வி வரும், துண்டை எடுக்க வேண்டிவரும், பரீட்சைக்கோ இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. எல்லோரும் கூடலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"தினம் வர்றாருங்க மேடம்" என்றான் கூடலிங்கம்.

"மத்தவங்க?"

"வர்றாருங்க" என்றார்கள் மற்றவர்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

மனுதாரரின் கணவர் நாள்தோறும் படிக்கச் சென்று வருவது ஸ்தல விசாரணையில் தெரியவருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. சித்திரக்கனி அதை ஆபீஸ் வாசலில் நின்று இரண்டு தடவை படித்தாள், மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள், கையில் மருந்து காயாமலே நேராகப் பந்திக்கூடத்துக்கு நடந்தாள். நடுப்பகல். எல்லோரும் இருந்தார்கள். அவள் மூன்றாவது வரிசைக்கு வந்ததும் பக்கத்து இடத்துக்காரன் தானாக எழுந்து வழிவிட்டான்.

தவசிலிங்கம் அவளைப் பார்த்தான்.

"உக்காருங்கக்கா. எதுல சந்தேகம்?"

அவளுக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். ஆனால் எட்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அந்தக் குரலைக் கேட்டதும் வாய் வேறு எதையோ சொன்னது.

"கணக்கு வரலைங்க."

"எல்லாருக்கும் அதுதான்" என்றான் அவன். "நீங்க எந்தக் கேட்டகிரி?"

"ஆதரவற்ற விதவை."

அவன் முகம் அவளுக்காகச் சந்தோஷப்பட்டது. "அப்பக் கவலையே படாதீங்க. கட்ஆஃப் கம்மிதான். கெடச்சிரும்." இரண்டு அரிசி மேஜையில் விழுந்தது. "வீட்டுக்காரர் எப்பத் தவறுனாரு?"

"தை மாசம். காமாலை. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன், பரீட்சை முடியட்டும்னுட்டாரு."

"அவரும் படிச்சாரா?" என்று அவன் ஆவலாகக் கேட்டான். "எவ்வளவு மார்க் எடுத்தாரு?"

"அந்தப் பரீட்சைய அவரு எழுதலைங்க."

அவன் அதற்காக வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினான். பிறகு ஒரு தாளை இழுத்து, இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யத் தொடங்கி நடுவில் ஒருவர் விட்டுவிட்டுப் போனால் மிச்சத்தை மற்றவர் எத்தனை நாளில் முடிப்பார் என்கிற கணக்கை அவளுக்குப் போட்டுக் காட்டினான். போனவரைப் பற்றி யோசிக்கக் கூடாது, செய்து முடித்ததைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்க்க வேண்டும், அங்கேதான் எல்லோரும் தப்பு விடுகிறார்கள் என்றான். நிதானமாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னான். உயிரோடு இருந்த காலத்தில் அவன் அவளுக்கு இப்படி எதையும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. அவள் கடைசி வரை கேட்டாள், அவன் கொடுத்த இன்னொரு கணக்கைத் தானே போட்டாள், விடை சரியாக வந்தது.

"வந்துருச்சுல்ல" என்றான்.

"வந்துருச்சுங்க." அவள் பச்சைத் துண்டின்மேல் கை வைத்தாள். அது அவள் அப்பா தலைதீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது. "இதை எடுத்துக்கிடட்டுமா?"

"அது என் இடம்க்கா."

"எனக்கு இடம் வேணும்ங்க."

"பரீட்சை முடியட்டும்க்கா. தர்றேன்."

கூடலிங்கம் எழுந்து ஓடிவந்தான். "மதினி, ஒங்க கால்ல விழுறேன், ரெண்டே மாசம், எனக்கு இதுதான் கடைசி" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கூடம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் செய்யாததை அவள் செய்தாள். அடுத்தவர் போட்ட துண்டை எடுத்தாள்.

இடி இடிக்கவில்லை, விளக்கு அணையவில்லை. தவசிலிங்கம் புத்தகத்தை மூடி எழுந்து நின்றான். தாமதமாக வந்தவன் போலச் சுற்றிலும் பார்த்து, வரிசை வரிசையாக நடந்து வேறு இடம் தேடினான். எல்லாப் பெஞ்சிலும் ஆள் இருந்தது, ஆள் இல்லாத இடத்தில் துண்டு இருந்தது. யாராவது கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். யாரும் நகரவில்லை. கடைசி வரிசை வரை பார்த்துவிட்டு, அவன் சமையற்கட்டு வழியாக, அந்தச் சின்னச் சின்ன எட்டுகளோடு வெளியே போனான், அதற்குப் பிறகு எங்கேயும் அவனைக் கண்டவர்கள் இல்லை.

பொன்னுத்தாய் தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். எம்புள்ளைய ரெண்டாந்தடவையும் கொன்னுட்டியேடி என்று கத்தினாள். சித்திரக்கனி வேலம்மாளிடம் போனாள். வேலம்மாள் மறுபடி விசாரித்தாள், இப்போது வர்றதில்லைங்க என்றார்கள், அதுவும் பொய் இல்லை. வந்துகொண்டிருந்தவர் வரவில்லை என்றால் அவர் காணாமல் போனவர், காணாமல் போனவர் செத்தவராக ஏழு வருஷம் ஆகும் என்று வேலம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அடுத்த வாரம்.

"என்ன செஞ்சா எழுதுவீங்க மேடம்?"

வேலம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஊரு ஒருதரம் எரிச்சதை ஊரே மாத்திப் பேசிருச்சு. இனிமே நான் என் கண்ணால பாத்தாத்தான் எழுத முடியும்."

ஆகவே இன்னொரு தடவை நடந்தது. பச்சைத் துண்டைப் பாடையில் கிடத்தி, மாலை போட்டு, சங்கு ஊதி, கொட்டு அடித்து, கனமே இல்லாத அந்தப் பாடையை நான்கு பேர் கனத்தோடு தூக்கிப் போனார்கள். கூடலிங்கமும் ஒரு தோள் கொடுத்தான். அவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், வேலம்மாள் கையில் ஃபைலோடு கரண்டுக் கம்பத்தருகே நிற்க, பெண்கள் சித்திரக்கனியை நடுவில் உட்கார வைத்து, முதல் தடவை செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் மறுபடி செய்தார்கள், பூ வைத்துப் பூ எடுத்தார்கள், பொட்டு வைத்துப் பொட்டு அழித்தார்கள், புதிதாக வளையல் போட்டு உடைத்தார்கள், மாமியார் கட்டிய கயிற்றை மாமியாரே அறுத்தாள். முதல் தடவை மயங்கி விழுந்தவள் இந்தத் தடவை மேடம் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுறவளைத்தான் விதவைன்னு எழுதுவாங்க, அழு ஆத்தா என்று யாரோ காதில் சொன்னார்கள். அழுதாள். அழத் தொடங்கிய பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை, வேலம்மாள் எழுதி முடித்துப் போன பிறகும், கொட்டுக்காரர்கள் போன பிறகும், பொழுது சாய்ந்த பிறகும் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சான்றிதழ் வந்தது. விண்ணப்பம் போட்டாள். மறுநாளிலிருந்து, ஆபீஸ் விட்டதும் பந்திக்கூடத்துக்கு வந்து, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. சாயங்காலம் எல்லோரும் எழுந்து துண்டைப் போட்டபோது அவள் புத்தகத்தை எடுத்தாள், பேனாவை எடுத்தாள், தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், ரப்பர் தூளைக்கூட முந்தானையால் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"மதினி" என்று கூடலிங்கம் கூப்பிட்டான். துண்டை அவள் எடுத்த பிறகு அவளோடு அவன் பேசிய முதல் பேச்சு அது. "ஏதாச்சும் போட்டு வச்சிட்டுப் போங்க. நாளைக்கு இடம் இருக்காது."

"இல்லாட்டி நின்னுக்கிட்டுப் படிக்கேன்."

"எதுக்கு மதினி?"

"எனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா எம்புள்ளகிட்டத்தான் நான் வந்து நிக்கணும்" என்றாள். "இங்க வந்து உக்காந்துரக் கூடாது."

அவள் போன பிறகு கூடலிங்கம் தன் துண்டைப் பெஞ்சிலிருந்து எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். வாசலில் புதிதாக வந்த இரண்டு பேர் இடம் காலியாகுமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். உதறி, மடித்து, அதே இடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.